கூடப் போய்த் தங்க வேண்டாம், ஒரு வாக்குக் கொடுத்து அனுப்புங்கள்

கேள்வி:

தேனி மாவட்டத்தில் பெரியகுளம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. நான் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறேன். கணவர் லாரி ஓட்டுகிறார். மகளுக்கு 17 வயது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவள்தான். இன்னும் மூன்று வாரத்தில் கொண்டுபோய் விட வேண்டும்.

இதுவரை ஒரு ராத்திரிகூட எங்களைப் பிரிந்து இருந்ததில்லை. சோறு வடிக்கக்கூடத் தெரியாது. நானும் கூடப் போய் ஒரு சின்ன வீடாக எடுத்து, முதல் வருஷமாவது சமைத்துப் போட்டுக்கொண்டு இருக்கலாமா என்று யோசிக்கிறேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனை மாமியார் பார்த்துக்கொள்வார். கணவரோ, "எதுக்குப் பயப்படுற? ஏதாச்சும் ஒன்னுன்னா அடுத்த பஸ்ஸிலயே வந்து கூட்டிட்டு வந்துருவேன்" என்று மகளிடம் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கிறார். "பொம்பளப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புறீங்க, எங்க இருக்கான்னு பார்க்கிற ஆப்பையாவது போன்ல போட்டு விடுங்க" என்கிறார் நாத்தனார். கணவர் லோடு ஏற்றிக்கொண்டு மாதத்தில் ஓரிரு முறை சென்னைக்குப் போவார். அப்போது போய்ப் பார்த்தால் மற்றப் பிள்ளைகள் முன்னால் அவளுக்குக் கூச்சமாக இருக்குமோ என்று அவருக்கு ஒரு தயக்கம். எங்களுக்கு என்ன சொல்வீர்கள்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

மாணவர் மனநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகளுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்து கிண்டி வரைக்கும் வந்திருக்கிறாள் என்றால், அதற்குப் பின்னால் உங்கள் வீட்டில் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் கூடப் போய் வீடு எடுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அதற்கான காரணங்களைக் கீழே சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. உங்கள் கணவர் அன்போடு சொன்ன அந்த வார்த்தை: "ஏதாச்சும் ஒன்னுன்னா வந்து கூட்டிட்டு வந்துருவேன்."

அவர் சொல்ல நினைத்தது, "நான் இருக்கேன், நீ தனியா இல்லை" என்பதை. ஆனால் இந்தப் படிப்புக்காக வருஷக்கணக்கில் ராத்திரி கண் விழித்த ஒரு பெண்ணின் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். "பிரச்சினை என்று வாயைத் திறந்தால் படிப்பு போச்சு." அப்படித்தான் விழும்.

என்னிடம் வரும் கல்லூரி மாணவிகளில், குறிப்பாகக் கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர்களில், ஒரு செமஸ்டர் முழுவதும் ஒரு தொல்லையை வாய் திறக்காமல் தாங்கியவர்கள் நிறைய. ஒரு சீனியரின் சீண்டலாக இருக்கும். ஒருவன் ராத்திரி ராத்திரி அனுப்பும் மெசேஜாக இருக்கும். இரண்டு பேப்பர் போய்விட்டது என்பதாக இருக்கும். வீட்டில் சொன்னாயா என்று கேட்டால் திரும்பத் திரும்ப ஒரே பதில்: "சொன்னா காலேஜை நிறுத்திருவாங்க மேடம்." அந்தப் பெற்றோர்கள் யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. பாதுகாக்க வேண்டும் என்று நினைத்தவர்கள்தான். ஆனால் பெண்ணைப் பாதுகாக்க அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி வீட்டுக்கு அழைத்துக்கொள்வது. அது அந்தப் பெண்ணுக்கும் தெரியும். அதனால் அவள் சொல்வதில்லை. மிரட்டுகிறவனுக்கும் இது தெரியும் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். "உங்க வீட்டுக்குச் சொல்லிருவேன்" என்ற ஒரு வார்த்தையை வைத்தே ஒரு பெண்ணை மாதக்கணக்கில் ஆட்டிப் படைக்க முடிகிறது.

அதனால் பெட்டி, பக்கெட் எல்லாம் வாங்குவதற்கு முன்னால் நீங்கள் இருவரும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மகளை உட்கார வைத்து, உங்கள் கணவர் தன் வாயால் இப்படிச் சொல்ல வேண்டும்: "அங்க என்ன நடந்தாலும் எங்ககிட்ட சொல்லு. சொன்னதுக்காக உன் படிப்பை நிறுத்த மாட்டோம். நீயே தப்பு பண்ணியிருந்தாலும் நிறுத்த மாட்டோம்." கடைசி வாக்கியம் மிகவும் முக்கியம். அது இல்லையென்றால், தன் பக்கம் துளித் தவறு இருக்கிறது என்று அவள் நினைக்கும் எதையும் சொல்ல மாட்டாள். பதினேழு, பதினெட்டு வயதில் எல்லாவற்றிலுமே தன் தவறும் கொஞ்சம் இருப்பதாகத்தான் தோன்றும்.

இதை ஏன் கணவர் சொல்ல வேண்டும் என்றால், படிப்பை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருப்பதாக மகள் நினைக்கிறாளோ அவர் சொன்னால்தான் அவளுக்கு நம்பிக்கை வரும். பஸ் கிளம்பும் நேரத்தில் சொல்லாதீர்கள், அழுகையில் கரைந்துவிடும். வீட்டில், சாவகாசமாக ஒரு நாள் சொல்லுங்கள். மாமியாரும் அருகில் இருந்தால் இன்னும் நல்லது.

சொல்வதோடு முடிந்துவிடாது. அவள் முதல் முறை ஏதோ ஒன்றைச் சொல்லும்போது நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதில்தான் அந்த வாக்கு நிற்கும். அவள் பெரிய விஷயத்தை முதலில் சொல்ல மாட்டாள். போன் கீழே விழுந்து உடைந்துவிட்டது, தோழிக்குக் கொடுத்த ஐந்நூறு ரூபாய் திரும்பி வரவில்லை என்று சின்னதாக ஒன்றைச் சொல்லி உங்களைப் பார்ப்பாள். அப்போது நம் வாயில் முதலில் வருவது, "நீ ஏன் கொடுத்த? உனக்கு அறிவில்லையா?" என்பது. அதை மட்டும் விழுங்கிவிடுங்கள். "சொன்னது நல்லதாப் போச்சு. இப்ப என்ன பண்ணலாம்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். பெரிய விஷயம் என்றால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி: "இப்ப நீ பத்திரமா இருக்கியா?" திட்டுவதற்கும் புத்தி சொல்வதற்கும் பிறகு எவ்வளவோ நேரம் இருக்கிறது.

இனி வீடு எடுக்கும் விஷயம். முதலில் பணக் கணக்கு. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-ல் அறிவிக்கப்பட்டது. அதை விட்டுவிட்டு வாடகை, அட்வான்ஸ், கேஸ், மளிகை என்று நீங்கள் தனியாக ஒரு குடித்தனம் தொடங்கினால், உங்கள் தையல் வருமானமும் நின்றுபோகும். கணவரின் லாரிச் சம்பளத்தில் இரண்டு வீடு ஓட வேண்டும். அந்தச் சுமை மகளின் தலையில்தான் போய் இறங்கும். "எனக்காக அம்மா இங்கே வந்து கஷ்டப்படுகிறாள்" என்ற நினைப்போடு படிக்க அவளால் முடியாது.

பணத்தைவிடப் பெரிய காரணம் முதல் மாதம். விடுதியில் முதல் மாதத்தில்தான் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கிறார்கள். ராத்திரி மெஸ் முடிந்து வராந்தாவில் உட்கார்ந்து பேசும் பேச்சு, அடுத்த நாள் அசைன்மென்ட்டைச் சேர்ந்து எழுதுவது, ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி கஞ்சி வாங்கி வருவது, இதெல்லாம் அங்கேதான் நடக்கும். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடத்துக்குள் போகும் உங்கள் மகளுக்கு இந்தத் தோழிகள்தான் உண்மையான டியூஷன். சாயங்காலம் நாலு மணிக்கு அம்மா வீட்டுக்குப் போய்விடும் பெண்ணுக்கு அது வாய்க்காது. இரண்டாம் வருஷம் நீங்கள் ஊர் திரும்பிய பிறகு அவள் விடுதிக்குப் போனால், மற்றவர்கள் ஏற்கனவே கூட்டாளிகள் ஆகியிருப்பார்கள்.

உங்கள் மகனையும் யோசியுங்கள். அவனுக்கு இது பத்தாம் வகுப்பு. அக்காவும் போய், அம்மாவும் போய், அப்பா ரோட்டில் இருக்க, பாட்டியோடு தனியாக இருக்கும் ஒரு பதினைந்து வயதுப் பையன். எனக்கு அவனைப் பற்றித்தான் கவலையாக இருக்கிறது.

சோறு வடிக்கத் தெரியாதது ஒரு குறையே இல்லை. மெஸ்ஸில் சாப்பாடு இருக்கிறது. அவள் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு. அதற்கு மூன்று வாரம் தாராளமாகப் போதும்.

பணத்தை முதலில் கைமாற்றுங்கள். அவள் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கு இருக்க வேண்டும், அது ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். அரசின் உதவித்தொகை எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். உங்கள் மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கத் தகுதி இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் இது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு உரியது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். கல்லூரி மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், சேர்ந்த வாரமே அலுவலகத்தில் இதற்குப் பொறுப்பானவர் யார் என்று அவளைக் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்காதீர்கள், அவளே கேட்கட்டும். இப்போதிருந்தே ஏ.டி.எம். கார்டை அவள் கையில் கொடுத்து, வீட்டு மளிகைப் பணத்தை ஒரு வாரம் அவளையே எடுத்துச் செலவு செய்து கணக்கு எழுதச் சொல்லிப் பாருங்கள். பின் நம்பரையும் ஓ.டி.பி.யையும் யார் கேட்டாலும், வங்கியிலிருந்து பேசுகிறோம் என்றாலும், சொல்லக் கூடாது என்பதைச் சொல்லி வையுங்கள். அப்படியும் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது.

அடுத்து காகிதங்கள். மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஒதுக்கீட்டு ஆணை, ஆதார். எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து மூன்று செட்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்து அவளுடைய மின்னஞ்சலுக்கும் அனுப்பி வையுங்கள். வருமானச் சான்றிதழ் ஓராண்டுதான் செல்லும், அடுத்த வருஷம் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும். அந்த விண்ணப்பத்தை இ-சேவையில் எப்படிப் போடுவது என்று அவளுக்குக் காட்டிவிடுங்கள். அசல் சான்றிதழைச் சரிபார்த்த பிறகு கல்லூரி திருப்பித் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. எதையாவது அங்கே கொடுக்க நேர்ந்தால், கொடுத்ததற்கு எழுத்தில் ஒரு ரசீது வாங்கிக்கொள்ளட்டும்.

மூன்றாவது, வழி. உங்கள் பக்கத்திலிருந்து வரும் அரசுப் பேருந்துகள் இப்போது கோயம்பேடு வருவதில்லை, கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் மாநகரப் பேருந்து பிடித்துக் கிண்டி வர வேண்டும். ரயில் வேண்டுமென்றால் போடியிலிருந்து தேனி, மதுரை வழியாகச் சென்ட்ரல் போகும் வண்டி 2023-லிருந்து ஓடுகிறது, வாரத்தில் 3 நாள். சேர்க்கப் போகும்போது நீங்கள் முன்னால் நடக்காதீர்கள். எந்த பஸ், எங்கே இறங்குவது, எவ்வளவு டிக்கெட் என்று எல்லாவற்றையும் அவளே கேட்டு உங்களை அழைத்துப் போகட்டும். தவறான பஸ்ஸில் ஏறினால் ஏறட்டும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது வழி தவறுவது நல்லதுதான். தீபாவளிக்கு ஊர் வரும் டிக்கெட்டையும் அவளையே எடுக்கச் சொல்லுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், பண்டிகை டிக்கெட் சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஊருக்கு வரும் ஒரு தேதி கையில் இருந்தால், முதல் மாதத்து ஏக்கத்தைத் தாங்குவது சுலபம்.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பக்கெட், மக், நல்ல பூட்டு ஒன்றுக்கு இரண்டு சாவி, போர்வை, கொடிக் கயிறு, அவளுக்கு வழக்கமாக ஒத்துக்கொள்ளும் மருந்துகள். மின்சார அடுப்பும் கெட்டிலும் பல விடுதிகளில் அனுமதி இல்லை, விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள். மற்றதெல்லாம் கிண்டியிலும் கிடைக்கும். ஆனால் நீங்கள் தையல்காரர். அவளுக்கு நாலு சுடிதாரை நீங்களே தைத்துக் கொடுங்கள், பை வைத்துத் தையுங்கள். போனும் ஐ.டி. கார்டும் வைக்க இடமில்லாமல் பெண்பிள்ளைகள் படும் அவஸ்தையை நான் தினமும் பார்க்கிறேன்.

படிப்பு விஷயத்தில் உங்களையும் கொஞ்சம் தயார்ப்படுத்த வேண்டும். பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை, முதல் இன்டர்னல் தேர்வில் நூற்றுக்கு நாற்பது வாங்கிக்கொண்டு வருவது மிகவும் சாதாரணம். பாடம் ஆங்கிலத்தில் ஓடும், கணக்குப் பாடத்தின் வேகம் வேறு, சுற்றி இருப்பவர்களில் பலர் சி.பி.எஸ்.இ.யில் படித்துவிட்டு வந்தவர்கள். அந்த மதிப்பெண்ணை வைத்து அவள் தன்னையே எடை போட்டுவிடுவாள். "முதல் செமஸ்டர் அப்படித்தான் இருக்கும்னு சொன்னாங்க. ஒரு பேப்பர் அரியர் ஆனாலும் எழுதிக்கலாம்" என்று நீங்கள் இப்போதே சொல்லி வைத்தால், அந்த நாளில் அது ஞாபகம் வரும். அவள் தவறவிடக் கூடாதது வருகைப்பதிவு. அது குறைந்தால் தேர்வே எழுத முடியாமல் போகலாம். வகுப்பில் புரியவில்லை என்றாலும் போய் உட்கார வேண்டும், பிறகு ஆசிரியரிடம் தமிழிலேயே கேட்கலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "நீ கோட்டாவுல வந்தவதானே?" என்று யாராவது கேட்பார்கள். "நீங்க என்ன ஆளுங்க?" என்றும் கேட்பார்கள். முதல் முறை கேட்கும்போது உடம்பே கூசிப்போகும். அவள் அதை முன்பின் கேள்விப்படாமல் போய்க் கேட்கக் கூடாது. அரசுப் பள்ளியில் படித்தவர்கள் தொழிற்படிப்புகளில் மிகக் குறைவாகவே சேர முடிகிறது என்று நீதிபதி முருகேசன் தலைமையிலான ஆணையம் ஆராய்ந்து சொன்ன பிறகுதான் 2021-ல் பொறியியலுக்கு இந்த ஒதுக்கீடு சட்டமானது. யாரும் அவளுக்குச் சலுகை போடவில்லை. அந்த இடத்துக்கும் கட் ஆஃப் உண்டு, போட்டி போட்டுத்தான் வாங்கினாள். இந்த விவரம் அவளுக்கு ஒழுங்காகத் தெரிந்திருந்தால், கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியும்.

ராகிங் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் மனதில் இருக்கும். தமிழ்நாட்டில் 1997-லிருந்தே ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. 1996-ல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு வந்த சட்டம் அது. இப்போது சேர்க்கையின்போது மாணவரும் பெற்றோரும் தனித்தனியாக உறுதிமொழி கொடுக்க வேண்டும். யாரோ நிரப்பித் தருவதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். மகளும் நீங்களும் சேர்ந்து வாசியுங்கள், எவையெல்லாம் ராகிங் என்று அதிலேயே இருக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவி எண் 1800-180-5522, இருபத்து நாலு மணி நேரமும் இயங்கும். பாலியல் சீண்டல் என்றால் ஒவ்வொரு கல்லூரியிலும் அதற்கென்று உள் புகார்க் குழு இருக்க வேண்டும், 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது. இவற்றை அவள் போனில் இன்றைக்கே பதிந்து கொடுங்கள்.

நாத்தனார் சொன்ன ஆப் வேண்டாம். அவளுக்குத் தெரியாமல் போட்டால் ஒரு நாள் அவளுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் நீங்கள் கொடுத்த வாக்கை அவள் நம்ப மாட்டாள். தெரிந்து போட்டால், போனை அறையிலேயே வைத்துவிட்டு வெளியே போகப் பழகுவாள். அது இன்னும் ஆபத்து, அவசரத்துக்குக் கையில் போன் இருக்காது. பயணத்துக்கு மட்டும் வேறு வழி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் என்று ஒன்று, 8 மணி நேரம் வரைக்கும் பகிரலாம். ராத்திரி பஸ் ஏறும்போது அவளே அதைப் போட்டுவிட்டு ஏறட்டும், இறங்கியதும் முடிந்தது. உங்கள் கணவரும் லாரியில் இரவுப் பயணம் போகும்போது அதே மாதிரி அவளுக்கு அனுப்பலாம். அப்போது அது வேவு பார்ப்பதாக இருக்காது, வீட்டுப் பழக்கமாகிவிடும்.

தினமும் போன் பேசுவதற்கு அவளுக்குச் சௌகரியமான ஒரு நேரத்தை அவளையே சொல்லச் சொல்லுங்கள். எடுக்கவில்லை என்றால் இருபது முறை அடிக்காதீர்கள். ஒரு மெசேஜ் போட்டுவிட்டுக் காத்திருங்கள். இத்தனை மணி நேரம் பதில் இல்லையென்றால் அறைத்தோழிக்குக் கூப்பிடுவோம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தோழியின் எண்ணையும் அவளே தரட்டும். "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள், அது இல்லாமல் நம்மால் பேச முடியாது. ஆனால் அதோடு நிறுத்தாமல் உங்கள் பக்கத்துக் கதையைச் சொல்லுங்கள். தம்பி என்ன சேட்டை செய்தான், எந்த ரவிக்கை அளவு தப்பிப்போனது, வராக நதியில் தண்ணீர் வந்ததா என்று. வீட்டுக் கதை கேட்டால் அவள் கதையும் தானாக வரும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றாலும் மறைக்காதீர்கள். "படிப்பு கெட்டுடும்னு சொல்லலை" என்று பிறகு தெரிந்தால், அவளும் அதே காரணத்தைச் சொல்லி உங்களிடம் மறைக்கக் கற்றுக்கொள்வாள்.

முதல் இரண்டு மூன்று வாரம் அழுவாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கட்டாயம் அழுவாள். "அம்மா, என்னால முடியல, வந்துடறேன்" என்றும் சொல்லலாம். அப்போது கூட்டிக்கொண்டு வந்துவிடவும் வேண்டாம், "அழாதே" என்று அடக்கவும் வேண்டாம். அழுது முடிக்கும் வரை போனைப் பிடித்துக்கொண்டிருங்கள். பிறகு, "நாளைக்குக் காலைல முதல் வகுப்பு என்ன?" என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஒரு மாதத்தில் வடிந்துவிடும்.

வடியாத அழுகையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் இல்லை, வகுப்புக்குப் போவதில்லை, போனில் பேச்சே குறைந்துவிட்டது, "நான் இருந்து என்ன ஆகப் போகுது" என்ற மாதிரிப் பேச்சு வருகிறது என்றால் காத்திருக்காதீர்கள். கடைசியாகச் சொன்ன அந்தப் பேச்சு ஒரே ஒரு முறை வந்தாலும் போதும். அறைத்தோழியையும் வார்டனையும் உடனே கூப்பிட்டு, அவளைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நீங்கள் அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள். பத்து நாள் வீட்டுக்கு அழைத்து வந்து வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தால் அழைத்து வாருங்கள். அது படிப்பை நிறுத்துவது ஆகாது, அதையும் அவளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஊர்க்காரர்களும் சொந்தக்காரர்களும் கேட்பதற்கெல்லாம் நீங்கள் பதில் வைத்திருக்க வேண்டியதில்லை. நாத்தனாரிடம் மட்டும், அவர் அக்கறையோடுதான் சொல்கிறார் என்பதால், ஒரு வேலையைக் கொடுங்கள். வாரம் ஒரு நாள் அவரும் மகளோடு போனில் பேசட்டும். அத்தையிடம் மட்டும் சொல்லும் விஷயம் என்று பெண்பிள்ளைகளுக்குச் சிலது இருக்கும்.

உங்களுக்கும் கஷ்டமாக இருக்கும், அதை யாரிடமும் மறைக்க வேண்டாம். சாயங்காலம் அவள் பள்ளிவிட்டு வரும் நேரம் கைவேலை ஓடாது. மகனோடு அந்த நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை நாள் அக்காவின் படிப்பைச் சுற்றியே ஓடிய வீட்டில், இந்த வருஷம் அவன் முறை.

கடைசியாக உங்கள் கணவரின் தயக்கம். அவர் போக வேண்டும், கட்டாயம் போக வேண்டும். பகலில் நகருக்குள் லாரியைக் கொண்டுபோக முடியாது என்பது அவருக்கே தெரியும். லோடு இறக்கிவிட்டு, குளித்து, பஸ்ஸில் கிண்டிக்கு வரட்டும். சொல்லாமல் போய் நிற்காமல், முந்தின நாளே போன் செய்து, "நாளைக்குச் சென்னையில இருப்பேன், எத்தனை மணிக்கு வரட்டும்? எந்த கேட்டுல நிக்கட்டும்?" என்று கேட்கட்டும். வகுப்பு, தேர்வு என்று அவள் வேண்டாம் என்றால் அடுத்த லோடுக்குப் பார்த்துக்கொள்ளலாம், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். தோழிகளையும் கூட்டி வருகிறேன் என்றால் எல்லோருக்கும் சேர்த்து டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுக்கட்டும். அப்பா லாரி ஓட்டுகிறார் என்பதைத் தோழிகளிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவளுக்கே விட்டுவிடுங்கள். அவள் எப்போதோ சொல்லியிருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.